டிராக்கும் மண்குழியும்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதாசு, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஓட்டமும் தாண்டலும் பத்தித்தானுங்க. குறுவட்டப் போட்டி ஆரம்பிக்கிற நேரம், ஊர் ஊருக்குப் பிள்ளைங்க மைதானத்துல எறங்கிட்டாங்க. அதனால வேற எதையும் எடுக்கல, முச்சூடும் இதுதான்.

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான், நூறு மீட்டர் ஓடறான். குறுவட்டத்துல மொதல் எடம், மாவட்டத்துல நாலாவது. சொல்லிக்குடுக்கறவர் தெனமும் பத்து ரவுண்டு ஓடவெச்சு, அப்புறம் அரை நிமிஷ ரெஸ்ட்ல பன்னெண்டு நூறு மீட்டர் ஓடவெக்கிறார். காலை இன்னும் வேகவேகமா மாத்தணும்னு சொல்றார். ஆறு மாசமா டைமிங் எறங்கவே மாட்டேங்குது. என்ன பண்றது? (ஒரு அப்பா, கோபி)

அண்ணா, பையன்கிட்ட குறை ஒண்ணும் இல்லீங்க, அவன் செய்யற பயிற்சி வேற ஓட்டத்துக்கானது. பத்து ரவுண்டும் பன்னெண்டு நூறும் ஓடினா மூச்சு நல்லாப் பழகும், ஆயிரத்தைநூறு மீட்டர் ஓடறவனுக்கு அது ஆகும். நூறு மீட்டர்க்காரனுக்கு நாலாவது நூறுலயே முழு வேகம் போயிருது, மிச்சம் எட்டும் அரைகுறை வேகத்துல ஓடி, அந்த அரைகுறை வேகத்தைத்தான் ஒடம்பு பழகிக்குது. முழு வேகத்துக்கு தசை உடனடியா எடுக்கற சக்தி கிரியேட்டின் பாஸ்பேட்டுன்னு ஒண்ணுல இருந்து வருதுங்க, அது சில வினாடியில பெரும்பங்கு காலியாயிரும், திரும்ப ரொம்பறதுக்கு சில நிமிஷம் வேணும். அரை நிமிஷம் எந்த மூலைக்கு?

காலை வேகமா மாத்தறது பத்திச் சொன்னீங்க பாருங்க, அது எல்லா மைதானத்துலயும் காதுல விழற பேச்சுதான், ஆனா அளந்து பாத்தவங்க வேற சொல்றாங்க. 2000ல அமெரிக்காவுல பீட்டர் வேயண்டும் அவர் கூட இருந்தவங்களும் 33 பேரை விசை அளக்கற பிளேட் பூட்டின டிரெட்மில்லுல முழு வேகத்துல ஓடவெச்சுப் பாத்தாங்க. அதுல மெதுவான ஆளோட உச்ச வேகம் வினாடிக்கு 6.2 மீட்டர், வேகமான ஆளு 11.1 மீட்டர். கால் தரையை விட்டுக் கெளம்பி, காத்துல முன்னாடி வந்து, அடுத்த அடிக்குத் தயாராகற நேரம் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணேதான் இருந்துச்சு. வித்தியாசம் எங்க இருந்துச்சுன்னா தரையைத் தள்ளற பலத்துல. வேகமானவங்க அவங்கவங்க எடைக்கு ஏத்தாப்ல பாத்தா 1.26 மடங்கு எச்சா தரையை அழுத்தினாங்க, அதுவும் பாதம் தரையில இருக்கற நேரம் ரொம்பக் கம்மியா இருக்கும்போது. பெரிய ஸ்பிரின்டர்களுக்கு அந்த நேரம் 0.1 வினாடிக்கும் கீழ. உசைன் போல்ட் 2009ல பெர்லின்ல 9.58 ஓடினப்ப மொத்தமே 41 ஸ்டெப்தான், சராசரியா ஒரு ஸ்டெப்புக்கு 2.44 மீட்டர் போயிருக்கார், அது காலை மட்டும் படபடன்னு மாத்தி வர்ற தூரம் இல்லீங்க.

அதனால பையனை வாரத்துல ரெண்டு மூணு நாள் மட்டும் முழு வேகம் ஓடவெச்சாப் போதும். நல்லா வார்ம்-அப் பண்ணிட்டு 30 மீட்டர் நாலஞ்சு தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூணு நாலு நிமிஷம் நடந்துக்கிட்டு இருக்கட்டும், பத்து மீட்டருக்கு ஒரு நிமிஷம்னு வெச்சுக்கிட்டாத் தப்பாது. தள்ளி நின்னு பாக்கறவங்களுக்கு பையன் சும்மா நிக்கறாப்ல தெரியும், அதைக் கண்டுக்காதீங்க, அந்த நிக்கற நேரமும் பயிற்சிதான். டைமிங் கெட ஆரம்பிச்சா அன்னிக்கு அத்தோட நிறுத்திரணும். மத்த நாள்ல ஸ்கிப்பிங், ஒத்தைக்கால் துள்ளல், மண் தரையில நீள நீளமாத் துள்ளித் துள்ளி ஓடற பவுண்டிங், உக்காந்து எந்திரிக்கிறது. ஒசந்த பெட்டி மேல இருந்து குதிச்சு உடனே மேல தாண்டற பயிற்சி ஒண்ணு இருக்குது, சோவியத்துல வெர்கோஷான்ஸ்கி கொண்டுவந்தது, அது நல்லாப் பலம் ஏறின பெரியவங்களுக்கு, ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு இப்ப வேண்டாமுங்க.

இன்னொண்ணு, ஆறு மாசமா எறங்கலைன்னு எந்த டைமிங்கை வெச்சுச் சொல்றீங்க? கையில ஸ்டாப்வாட்ச் புடிச்சா நூறு மீட்டருக்கு எலக்ட்ரானிக் டைமிங்கை விட 0.24 வினாடி வாக்குல கம்மியாக் காட்டும், புடிக்கறவர் ஸ்டார்ட் துப்பாக்கிப் புகையைப் பாத்து அமுக்கறதுக்குள்ள ஓட்டம் கெளம்பியிருதுல்ல. முன்னாடி ஸ்டாப்வாட்ச், இப்ப எலக்ட்ரானிக்னா பையன் எறங்கியும் எறங்காத மாதிரித்தான் தெரியும்.

ஓடறதுக்கு முன்னாடி காலை நீட்டிப் புடிச்சு ஸ்ட்ரெச் பண்ணணுமா, கூடாதா? போன வருஷம் தொடைக்குப் பின்னாடி புடிச்சுக்கிச்சு, அதுல இருந்து பயமா இருக்குது. (கல்லூரி மாணவி, தாராபுரம்)

ஒரு தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல இழுத்துப் புடிச்சு வெச்சுட்டு உடனே ஓடினா வேகமும் தாண்டலும் கொஞ்சம் குறையுதுன்னு பல ஆய்வுல தெளிவா வந்திருக்குது அம்மிணி. பத்து இருபது வினாடி புடிச்சு, அப்புறம் முட்டியை ஒசத்தி ஓடற ஹை-நீ, காலை வீசறது, மெல்ல மெல்ல வேகம் ஏத்தற நாலு ரன் எல்லாம் பண்ணினா அந்த நட்டம் இருக்காது. நீட்டிப் புடிக்கறதைப் பொழுதோட, பயிற்சி முடிஞ்சப்புறம் வெச்சுக்க.

தொடைக்குப் பின்னாடி புடிக்கறதுக்கு ஸ்ட்ரெச்சை விட நார்டிக்குன்னு ஒரு பயிற்சி நல்லது. முட்டி போட்டு நில்லு, கூட ஒருத்தர் ரெண்டு கணுக்காலையும் அழுத்திப் புடிச்சுக்கட்டும், இடுப்பை மடக்காம ஒடம்பை மெதுவா முன்னாடி சாய்ச்சுக்கிட்டே போ, தாங்க முடியாத எடத்துல கையை ஊணிக்க. 2019ல 15 ஆய்வைச் சேத்துப் பாத்தப்ப இதைச் செய்யற அணிகள்ல ஹாம்ஸ்ட்ரிங், அதான் தொடைப் பின்தசை, காயம் பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. பெரும்பாலும் ஃபுட்பால்காரங்கதான், ஆனா அவங்களுக்கும் அந்தத் தசை கிழியறது முழு வேகத்துல ஓடும்போதுதான். மொத வாரம் அஞ்சு தடவைக்கு மேல வேண்டாம், மறுநாள் படி எறங்க முடியாதபடி வலிக்கும்.

ரத்தமா எச்சிலான்னு ஏதோ எடுத்து ஜீன் டெஸ்ட் பண்ணினா குழந்தைக்கு ஸ்பிரின்ட் வருமா லாங் டிஸ்டன்ஸ் வருமான்னு சொல்லிருவாங்களாம். ஆயிரக்கணக்குல கேக்கறாங்க. பொண்ணுக்கு எட்டு வயசு. எடுக்கலாமா? (வாசகர், நாமக்கல்)

எடுக்காதீங்க. அந்தக் காசுக்கு நல்ல ஷூவும் முட்டையும் வாங்கிக் குடுங்க.

ஏன்னு சொல்றேன், ஏன்னா இதுக்குப் பின்னாடி நெஜமான ஆராய்ச்சியும் இருக்குது, அதைக் காட்டித்தான் விக்கிறாங்க. வேகமாச் சுருங்கற தசை நார்ல ஆல்ஃபா ஆக்டினின் 3னு ஒரு புரதம் இருக்குது, அதுக்கான ஜீன் ஏசிடிஎன்3. உலகத்துல அஞ்சாறு பேர்ல ஒருத்தருக்கு இந்தப் புரதமே உருவாகறதில்ல, அவங்களுக்கு அதனால நோய் நொடி எதுவும் கெடையாது. 2003ல ஆஸ்திரேலியாவுல பாத்தப்ப, பெரிய ஸ்பிரின்டர்கள்ல புரதம் இல்லாதவங்க ரொம்பக் கம்மியா இருந்தாங்க. அங்கிருந்து "ஸ்பீடு ஜீன்"னு பேர் ஓடிருச்சு. ஆனா 2007ல ஸ்பெயின்ல ஒரு லாங் ஜம்ப் வீரரைப் பத்தி எழுதினாங்க, ஒலிம்பிக் தரத்து ஆளு, 8.26 மீட்டர் தாண்டினவர், அவருக்கு அந்தப் புரதம் சுத்தமாவே இல்ல. எட்டு வயசுல அவருக்கு இந்த டெஸ்ட் எடுத்திருந்தா "உனக்கு இது வராது தம்பி"ன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க, நெனச்சாலே மனசு பதறுதுங்க. 2015ல இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் சேந்து, தெறமை கண்டுபுடிக்கவோ பயிற்சி முடிவு பண்ணவோ இந்த டெஸ்ட்டுக்கு எடமே இல்ல, குழந்தைகளுக்கு எடுக்கவே கூடாதுன்னு அறிக்கையே குடுத்துட்டாங்க.

வேகத்துக்குப் பரம்பரை முக்கியம்தான், அதை மறுக்கல. ஆனா ஒரு ஜீன் இல்ல, எத்தனையோ ஜீன், ஒவ்வொண்ணும் துளித்துளியா. எட்டு வயசுக்கு ஓடட்டும், மரம் ஏறட்டும், நொண்டி ஆடட்டும், கபடி ஆடட்டும். எதுல வருவான்னு பன்னெண்டு பதிமூணுக்கு மேல தானாத் தெரியும்.

நீளம் தாண்டறேன். நல்ல ஜம்ப் எல்லாம் எகிறற போர்டைத் தாண்டி மிதிச்சு பவுல் ஆயிருது. போர்டைப் பாக்காதேன்னு மாஸ்டர் சொல்றார், பாக்காம எப்படிங்க? எங்கூர்ல காத்து வேற. (பிளஸ் டூ மாணவன், உடுமலை)

தம்பி, இந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா தாண்டல் ஆராய்ச்சியிலயே அழகான விசயம் இதுக்குள்ளதான் இருக்குது.

1982ல டேவிட் லீங்கிறவரும் அவர் கூட ரெண்டு பேரும் லாங் ஜம்ப்காரங்களோட ரன்-அப்பைப் படம் புடிச்சு ஒவ்வொரு அடியும் எங்க விழுதுன்னு அளந்தாங்க. எல்லா கோச்சும் நெனச்சுக்கிட்டு இருந்தது, ரன்-அப்பு மனப்பாடம், தெனமும் ஒரே மாதிரி ஓடினா கால் தானாப் போர்டுல போய் விழும்னு. அளந்து பாத்தா அப்படி இல்ல. மொத அடியில இருந்த சின்ன வித்தியாசம் அடிக்கு அடி சேந்துக்கிட்டே போயி, போர்டுக்கு அஞ்சாறு அடி இருக்கும்போது முப்பது சென்டிமீட்டருக்கு மேல வந்திருது. ஆனா கடைசி மூணு நாலு அடியில அது மளமளன்னு குறைஞ்சு, போர்டுல விழறப்ப பத்து சென்டிமீட்டருக்குள்ள வந்திருச்சு. எப்படி? கண்ணு போர்டைப் பாத்து அடியைச் சரிபண்ணுது. ஆடறவங்களுக்கே தெரியாமத்தான் இது நடக்குது. ஆக, பாக்காதேன்னு சொல்றதுல மாஸ்டர் சொல்ல வர்றது தலையைக் குனிஞ்சு போர்டை மொறைக்காதேங்கறதா இருக்கும், குனிஞ்சா வேகம் போயிரும், இடுப்பு மடங்கிரும், அது சரிதான். தலை நிமுந்து இருக்கட்டும், கண்ணு தூரத்துல இருந்தே போர்டை எடுத்துக்கட்டும், கடைசி ரெண்டு அடியில பார்வை குழிக்கு அந்தப்பக்கம் போயிரட்டும்.

பவுல் ஒழியணும்னா இப்படிப் பண்ணு. போர்டுல இருந்து நாலு ஸ்டெப்புக்கு முன்னாடி எடது பக்கமா ஒரு சின்னக் குச்சியோ செருப்போ வெச்சு, கூட்டாளி ஒருத்தனை அங்க நிக்கச் சொல்லு. நீ மிதிக்கற எடத்தை அவன் பாக்கட்டும். அந்த எடத்துல ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமா தள்ளி விழுந்தா ஸ்டார்ட்டிங் மார்க்கை மாத்து. முன்னையும் பின்னையுமா விழுந்தா மார்க்கு தப்பு இல்ல, கெளம்பற மொத ரெண்டு அடிதான் தெனத்துக்கு ஒரு மாதிரி, அதைச் சரிபண்ணு. பவுலைப் பாத்துட்டு மார்க்கை மட்டும் பின்னாடி தள்ளிக்கிட்டே போற பசங்களை எல்லாப் போட்டியிலயும் பாக்கறேன், பாவம், மூணு சான்ஸும் போயிருது.

கடைசிக்கு முந்துன அடி கொஞ்சம் நீளமா, கடைசி அடி கொஞ்சம் குட்டையா இருக்கணும். நீள அடியில இடுப்பு எறங்குது, குட்டை அடியில இருந்து மேல ஏறுது. போர்டுல பாதம் இருக்கறது 0.12 வினாடி வாக்குலதான், அதுக்குள்ள படுத்து எந்திரிக்க நேரமில்ல. பிசிக்ஸ் புஸ்தகத்துல 45 டிகிரியில எறிஞ்சா அதிக தூரம்னு படிச்சிருப்ப, ஆனா உலகத் தரத்து ஆளுங்க கெளம்பறது 20 டிகிரி வாக்குலதான். ஏன்னா 45க்கு ஏறணும்னா ஓடி வந்த வேகத்தைப் பாதிக்கு மேல கொன்னுரணும். தூரம் வேகத்துல இருந்துதான் வருது கண்ணு. ஒசரமாத் தாண்டணும்னு மல்லுக்கட்டாத, வேகத்தைப் போர்டு வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தாப் போதும். நம்ம தமிழ்நாட்டு ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023ல 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை வெச்சாரே, அந்த வீடியோவைக் கடைசி நாலு அடிக்கு மட்டும் ஸ்லோ மோஷன்ல திரும்பத் திரும்பப் பாரு.

இப்ப காத்து. பாலக்காட்டுக் கணவாய்ல நொழைஞ்சு வர்ற காத்து வைகாசி முடிஞ்சதுல இருந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு எல்லாப் பக்கமும் போட்டுத் தாக்கும், ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க, அதை நம்பித்தான் இத்தனை காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. முதுகுக்குப் பின்னாடி காத்து வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல இருந்தா அந்தத் தாண்டல் சாதனைக் கணக்குல சேராது. 1991ல டோக்கியோவுல கார்ல் லூயிஸ் 8.91 தாண்டினார், காத்து 2.9, சாதனை இல்லைன்னுட்டாங்க. கொஞ்ச நேரத்துல மைக் பவல் 0.3 காத்துல 8.95 தாண்டினார், அது இன்னிக்கும் உலக சாதனை. ஆனா போட்டியில எடம் குடுக்கறதுக்குக் காத்துக் கணக்கு இல்ல, அதனால காத்தோட பழகிக்கறதுதான் புத்தி. பின்காத்துன்னா உன் அடி நீளும், மார்க்கை டேப்புக் கணக்குல அரை அடி ஒரு அடி பின்னாடி வை. எதிர்க்காத்துன்னா முன்னாடி வை. வார்ம்-அப்புலயே ரெண்டு ரன்-அப் ஓடிப் பாத்துட்டு முடிவு பண்ணு, உடுமலைப் பையன் இதுல கெட்டிக்காரனா இருக்கணும்.

மகள் பதினாறு வயசு, நானூறு மீட்டர் ஓடறா. ஒடம்பு எடை குறைஞ்சா வேகம் வரும்னு சோத்தைக் குறைச்சுட்டா. நாலு மாசமா மாதவிலக்கு வரல, எந்நேரமும் அசதி. ஓடற பொண்ணுகளுக்கு இது சகஜம்னு பக்கத்துல சொல்றாங்க. (அம்மா, பெருந்துறை)

அக்கா, சகஜம் இல்லீங்க, தயவுபண்ணி இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மூணு மாசத்துக்கு மேல வராம நின்னா ஒடம்பு சொல்ற சேதி அது. செலவழிக்கற சக்திக்குத் தக்கன சாப்பாடு உள்ள போகலைன்னா ஒடம்பு ஒவ்வொரு வேலையா நிறுத்திக்கிட்டே வரும், மாதவிடாய் நிக்கும், எலும்பு மெலியும், ஓடிக்கிட்டே இருக்கும்போது எலும்புல மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதுக்குத் தனியா அறிக்கை குடுத்து எல்லா நாட்டுக் கோச்சுகளையும் எச்சரிச்சிருக்குது. எடை குறைஞ்ச புதுசுல டைமிங் கொஞ்சம் எறங்கும், அதை நம்பித்தான் பொண்ணுங்க ஏமாந்து போறாங்க. அப்புறம் தசையும் சேந்து கரையும்.

ரத்தத்துல ஹீமோகுளோபினோட, ஒடம்புல சேத்து வெச்சிருக்கற இரும்புச்சத்தைக் காட்டற ஃபெரிட்டினும் பாக்கச் சொல்லுங்க. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஓடற பொண்ணுக்கு அது நேரா மூச்சுல தெரியும். மாத்திரை எதுவும் நீங்களா வாங்காதீங்க, டாக்டர் சொல்லட்டும். வீட்டுல அரிசிம்பருப்பு சோறு நெய் ஊத்தி வயிறாரப் போடுங்க, கொள்ளு, கம்பு, முட்டை, முடிஞ்சப்ப ஆட்டு ஈரல். கீரை பருப்போட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தா இரும்புச்சத்து நல்லாச் சேரும், சாப்பிட்ட கையோட டீ குடிச்சாச் சேராது, டீயை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுக்கச் சொல்லுங்க.

நம்ம கோயமுத்தூர் வித்யா ராம்ராஜ் 2023ல ஹாங்சோ ஏசியாட்ல நானூறு மீட்டர் தடை ஓட்டத்துல 55.42 ஓடி, 1984ல பி.டி. உஷா ஓடின டைமிங்கைத் தொட்டு நின்னாங்களே, அந்தத் தோள்பட்டையையும் தொடையையும் பொண்ணுக்குக் காட்டுங்க. மெலிஞ்ச ஒடம்பா அது?

உயரம் தாண்டறதுக்கு நான் குள்ளம்னு சொல்றாங்க. (மாணவன், ஓமலூர்)

ஸ்வீடனோட ஸ்டெஃபான் ஹோல்ம் 1.81 மீட்டர்தான் இருந்தார், 2005ல 2.40 தாண்டினார். அமெரிக்காவோட ஃபிராங்க்ளின் ஜேக்கப்ஸ் 1.73 மீட்டர், 1978ல 2.32. ரெண்டு பேருமே தலைக்கு மேல 59 சென்டிமீட்டர். ஒசரமானவங்களுக்கு வசதி உண்டு, அது நெசம், இடுப்பு மொதல்லயே மேல இருக்குது, ஆனா தரையை எவ்வளவு வேகமாத் தள்ளறங்கிறது அதைச் சரிக்கட்டிரும். நல்லாக் காத்தடிச்ச பந்து எப்படி தரையில பட்டதும் எகிறுதோ அப்படிக் கணுக்கால் விறைப்பா இருக்கணும், மடங்கினா போச்சு. உங்க பக்கத்துக்காரர் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு அஞ்சு வயசுல வலது கால் நசுங்கினவர், 2016ல ரியோ பாராலிம்பிக்ல 1.89 தாண்டித் தங்கம், அதுக்கப்புறம் டோக்கியோ, பாரிஸ் ரெண்டுலயும் மெடல். ஒனக்கு இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்டிப்பாக் கேளு. 1968ல டிக் ஃபாஸ்பரி மெக்சிகோவுல முதுகு காட்டித் தாண்டித் தங்கம் வாங்கினதுக்கப்புறம் எல்லாரும் ஃபிளாப்னு சொல்ற அந்த ஸ்டைல்தான், முதுகு வளையறதால ஒடம்போட எடை மையம் கம்பிக்குக் கீழயே போனாலும் ஒடம்பு மேல தாண்டிரும். ஆனா அவருக்கு விழ ஃபோம் மெத்தை இருந்துச்சு. உங்க ஸ்கூல்ல மண்குழி மட்டும்தான்னா ஃபிளாப் போடவே கூடாது, கழுத்துல விழுந்தா வாழ்நாள் முழுசும் படுக்கை. கத்தரி மாதிரி ஒவ்வொரு காலா வீசித் தாண்டற சிசர் அடி, பலத்தை ஏத்து, மெத்தை இருக்கற மைதானத்துக்குப் போறப்ப மட்டும் ஃபிளாப் பழகு.

புதுசா பி.டி. டீச்சரா சேந்திருக்கேன். பிள்ளைகளோட ஜம்ப் அளக்க மெஷின் வாங்க ஸ்கூல்ல காசு இல்ல. வழி இருக்கா? (ஆசிரியை, திருப்பூர்)

இருக்குதுங்க டீச்சர், கையில இருக்கற போன். பாதம் தரையை விட்டதுல இருந்து திரும்பத் தொடற வரைக்கும் எவ்வளவு நேரம்னு தெரிஞ்சாப் போதும், ஒசரம் வந்திரும். போனைத் தரையோட தரையா, பாதத்துக்கு நேரா வெச்சு ஸ்லோ மோஷன்ல எடுங்க, வினாடிக்கு 240 ஃபிரேம் இருந்தா ரொம்ப நல்லது. பிள்ளை ரெண்டு கையையும் இடுப்புல வெச்சுக்கட்டும், ஒரு குனி குனிஞ்சு மேல தாண்டட்டும். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமா நகத்தி, கால் விரல் தரையை விட்ட மொத ஃபிரேம், திரும்பத் தொட்ட மொத ஃபிரேம் ரெண்டுக்கும் நடுவுல எண்ணுங்க. 240ல எடுத்ததுல 120 ஃபிரேம்னா அரை வினாடி. அந்த நேரத்தை அதாலயே பெருக்கி, 122.6ஆல பெருக்கினா சென்டிமீட்டர். அரை வினாடிக்கு 30.65 வரும்.

சாதா வீடியோ 30 ஃபிரேம்தான், அதுல ஒரு ஃபிரேம் தப்பா எண்ணினா 4 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்திரும், 240ல அரை சென்டிமீட்டர்தான். 2015ல ஸ்பெயின்ல இந்த முறையில போன்ல அளந்ததையும் லட்சக்கணக்குல வெலை வர்ற, விசை அளக்கற ஃபோர்ஸ் பிளேட்டையும் ஒப்பிட்டாங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துச்சு.

பசங்க ஒரு வேலை பண்ணுவாங்க, எறங்கும்போது முட்டியை மடக்கி இழுத்துக்குவாங்க, காத்துல நேரம் எச்சா ஆகி அளவு ஏறிரும். காலை நீட்டி, விரல் முனை மொதல்ல படற மாதிரி எறங்கினாத்தான் கணக்கு, இல்லைன்னா அந்த ஜம்பை விட்டுருங்க. மூணு ஜம்ப், நடுவுல ஒரு நிமிஷம், நல்லதை எழுதிக்குங்க. திங்கக்கெழம காலைல வார்ம்-அப் முடிஞ்சதும் வெச்சுக்குங்க, அதே தரை, அதே ஷூ, அதே போன். நாலஞ்சு வாரம் எழுதினா ஒவ்வொரு பிள்ளைக்கும் வழக்கமான அளவு எதுன்னு புடிபட்டிரும். அதுல இருந்து மூணு நாலு சென்டிமீட்டர் தள்ளிக் குறைஞ்சா அந்தப் பிள்ளை தூங்கலையா, காய்ச்சலா, நோம்பிக்குப் போயி ராத்திரி முழிச்சுதான்னு கேட்டுட்டு, அன்னிக்கு முழு வேக ஓட்டம் வேண்டாம்னு அனுப்பிருங்க.